இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு புள்ளிக்கோடு

பதிப்பகம் ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் கார் தெருவில்தான் நிற்கிறது. விஜயநகரில் கார் ஷெட் வைத்து வீடு கட்டியவர்கள் எல்லாரும் அதற்குள் காரை விடுகிறார்கள். நாங்கள் மட்டும் பூதங்களையும் பறக்கும் குதிரைகளையும் விட்டு வைத்திருக்கிறோம். மழை பிடித்தால் என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் காரைப் பார்ப்பார், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

தமிழில் மாயக் கதைகள் மட்டும் போடுகிற பதிப்பகம், அதுவும் மைசூரில் உட்கார்ந்துகொண்டு. கேட்டவர்கள் எல்லாரும் முகத்தை ஒரே மாதிரிதான் வைத்துக்கொண்டார்கள். எதிர் வீட்டில் ஒரு பென்ஷன்காரர் இருக்கிறார். காலை நடை முடித்துத் திரும்பும்போது எங்கள் கேட்டில் கை வைத்து நின்று, "இதெல்லாம் குழந்தைகளுக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லை சார், பெரியவங்களுக்கு."

"பெரியவங்க இதைப் படிச்சு என்ன பண்ணுவாங்க?"

"குழந்தைங்க என்ன பண்ணுமோ அதையேதான் சார்."

அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் புத்தகம் வரும்போதெல்லாம் ஒன்று வாங்கிக்கொண்டு போகிறார். படிக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரிய வேண்டாம்.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவள். விருப்ப ஓய்வு வாங்கியபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் காசிக்குப் போ என்றார்கள், பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திரு என்றார்கள். எனக்கோ சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு எரிச்சல். தமிழில் எந்தக் கதையை எடுத்தாலும் மாமியார், கடன், நோய், ஜப்திதான். மனுஷிக்கு ஒரு டிராகன் வேண்டாமா? ஒரு மிதக்கும் மலை வேண்டாமா? அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் இது. மெய்ப்பு பார்ப்பது, தட்டச்சு செய்வது, பார்சல் கட்டுவது, வாசகர் திட்டினால் வாங்கிக்கொள்வது எல்லாம் நான். அட்டையும் உள்ளே வருகிற வரைபடமும் என் வீட்டுக்காரர் வேலை. ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஆசாமி. கொடுத்ததற்கு மேல் ஒரு கோடு போடவும் மாட்டார், இருப்பதில் ஒரு கோடு விடவும் மாட்டார். அந்த நல்ல குணம்தான் கடைசியில் எங்களுக்கு வினையாக வந்தது.

மாயக் கதைக்கு வரைபடம் இல்லாவிட்டால் எங்கள் வாசகர்கள் சும்மா விட மாட்டார்கள். புத்தகத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தில் இல்லாத ஒரு நாட்டின் படம் இருக்க வேண்டும். எந்த மலைக்கு அந்தப் பக்கம் எந்தக் காடு, கோட்டை எங்கே, பாலைவனம் எங்கே என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் படிப்பார்கள்.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்தாள். ஊர் கொள்ளேகால். இங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் கவுன்டரில் வேலை. அக்ரஹாரம் ஏரியாவில் ஒரு கடைக்கு மேலே மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். முப்பது வயது இருக்கும். உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனை எடுத்தாள்.

"அக்கா, கதை தமிழ்தான். ஆனா எழுத்து தமிழ் இல்லை."

வாங்கிப் பார்த்தேன். முழுக்கக் கன்னட எழுத்து. வாய்விட்டுப் படித்தால் தமிழ். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம் என்று வளர்ந்த பிள்ளை. மைசூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. என் தங்கை பிள்ளைகளே எனக்குத் தமிழ் வாழ்த்தைக் கன்னட எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு நாவல் முழுவதையும் அப்படி எழுதிக்கொண்டு வந்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கன்னடம் மளமளவென்று பேச வரும். படிக்கச் சொன்னால் மாட்டுவண்டி வேகம்தான்.

"என்னால இவ்ளோ படிக்க முடியாது. நீயே படி, கேக்கறேன்" என்றேன். நாலு பக்கம் கேட்டுவிட்டு மரியாதையாக அனுப்பிவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

அவள் படித்தாள். அடுப்பில் இருந்த சாம்பார் அடிபிடித்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து அவரும் உட்கார்ந்துகொண்டார்.

கதை இதுதான். ஒரு நாட்டில் கரியாறு என்று ஓர் ஆறு. அது ஒரு மலை வரைக்கும் ஓடி, அங்கே ஒரு குகைக்குள் விழுந்து காணாமல் போய்விடும். ஆறு அங்கே செத்துவிடுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். மலைக்கும் உப்புக்காட்டுக்கும் அப்பால் இன்னொரு நாடு. அங்கே பொன்னாறு. கரியாற்றுக் கரையில் பிறந்த ஒரு பெண், பொன்னாற்று நாட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறாள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நம்மவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் அப்பா வழியனுப்பக்கூட வரவில்லை. போகிற வழியில் நிழலை விலைக்கு வாங்குகிறவர்கள், பேசுகிற உப்புத்தூண்கள், என்னென்னவோ. கடைசியில் பொன்னாற்றில் இறங்கிக் கால் கழுவும்போது ஒரு சுரைக்குடுக்கை மிதந்து வந்து அவள் முட்டியில் இடிக்கிறது. அதில் அவள் அப்பா கையால் கீறிய அடையாளம் இருக்கிறது. அவள் கிளம்பிய அன்று அவர் கரியாற்றில் விட்டது. மலைக்கடியில் பூமிக்குள்ளேயே ஓடி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆறு.

இதைக் கேட்டதும் நான் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"இது யாருக்காக எழுதினே?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு" என்றாள்.

அவள் அப்பா கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை "மைசூரு மைசூரு" என்று கூவி ஆள் ஏற்றுவதுதான் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவர். கன்னடத்தில் பஸ் போர்டு மட்டும் படிப்பார். தமிழ் என்றால் வடை மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டார்.

"எங்க வீட்ல தினமும் சாயங்காலம் அப்பா பேப்பர் படிப்பாரு, அம்மா கேப்பாங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் தமிழ் கத்துக்கிட்டதே அந்தச் சத்தத்துலதான் அக்கா" என்றாள். நான் தலையாட்டிவிட்டு அப்போதே மறந்துவிட்டேன்.

மைசூரில் வேலை கிடைத்து இவள் கிளம்பியபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நீ இனிமேல் அந்த ஊருக்காரி என்று சொல்லிவிட்டார். "கொள்ளேகாலையே மைசூருக்கு ஏத்தி விட்ட மனுஷன் அக்கா. நான் ஏறின அன்னிக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வரலை" என்றாள். இப்போதும் இவள் ஊருக்குப் போனால் சாப்பிட்டியா, எப்போ கிளம்பறே, அவ்வளவுதான் பேச்சு. இவள் எழுதினது எதையும் அவரால் படிக்கவும் முடியாது. தமிழில் அச்சாகி அவர் கைக்குப் போனால் படிப்பார். படித்துக்கொண்டே வந்து அந்தச் சுரைக்குடுக்கைப் பக்கத்தில் நிற்பார். அது போதும் அவளுக்கு. "அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மத்தது பூரா எழுதினேன்" என்றாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுடையவை ஆயின. அவள் போனைப் பார்த்துப் படிப்பாள், நான் தட்டச்சு செய்வேன். முடிந்ததும் முழுவதையும் நான் அவளுக்குத் திருப்பிப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வேண்டாத சொல் வந்தால் சட்டென்று கண் திறக்கும். ஆஸ்பத்திரியில் வேலை அதிகமான வாரங்களில் போனிலேயே படித்தேன். பக்கங்களை நீட்டினால் வாங்க மாட்டாள். "அதுல நான் பாத்து என்ன அக்கா ஆகப்போகுது? நீங்க படிங்க, காது இருக்கு" என்பாள். ஓர் எழுத்தாளர் தன் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் மெய்ப்பு முடிந்தது இந்த உலகத்தில் எங்கள் கார் ஷெட்டில் மட்டும்தான் இருக்கும்.

கடைசியாக ஒருமுறை படித்தபோது முதல் பக்கம் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் வரைபடத்தை இன்னும் முடிக்கவில்லை. "இங்க மேப் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். "ம்" என்றாள். காதுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

அச்சகத்திலிருந்து நாலைந்து பிரதிகள் முன்கூட்டியே வந்தன. அவள் வேலையிலிருந்து நேராக ஓடி வந்து ஒன்றை எடுத்தாள். நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை. முதலில் அப்பாதான் பிரிக்க வேண்டுமாம். மஞ்சள் காகிதத்தில் சுற்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கொள்ளேகால் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டாள். அந்தத் தடத்தில் ஓடுகிற கண்டக்டர் எல்லாரும் அவள் அப்பா கூவலைக் கேட்டு வளர்ந்தவர்கள். பார்சல் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டது. நானாவது மிச்சமிருந்த பிரதிகளில் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம். அட்டை நன்றாக வந்திருக்கிறதா என்று வருடிப் பார்த்துவிட்டு, அலமாரியில் நிற்க வைத்து, விளக்குப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளர் லட்சணம்.

சில நாள் கழித்து மொத்தக் கட்டுகளும் வந்து ஷெட்டில் இறங்கின. அவளும் வந்திருந்தாள். ஒரு கட்டைப் பிரித்து, முதல்முறையாகப் புத்தகத்தைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நான் ஆனந்தம் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றாள், "இந்தப் புள்ளிக்கோடு ஏன் இங்க இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் கரியாறு. வலது பக்கம் பொன்னாறு. நடுவே மலை. மலைக்கடியில் ஒரு குகையிலிருந்து இன்னொரு குகை வரைக்கும், வரிசை தப்பாமல், ஒரே இடைவெளியில், என் வீட்டுக்காரர் கைவண்ணத்தில் அழகான புள்ளிக்கோடு. சின்னப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும், இரண்டும் ஒரே ஆறு என்று. புத்தகத்தின் ரகசியம் முழுக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்.

அவளுக்கு அந்தப் புத்தகத்தில் படிக்கத் தெரிந்த ஒரே பக்கம் அதுதான்.

எப்படி நடந்தது என்று பிறகு புரிந்தது. அவள் இரண்டு படம் அனுப்பியிருந்தாள். நான் தட்டச்சு செய்யும்போது கதை புரிவதற்காக ஒன்று. அதில் புள்ளிக்கோடு உண்டு. புத்தகத்துக்காக இன்னொன்று, அதில் கிடையாது. வீட்டுக்காரர் முதல் படத்தை எடுத்து வரைந்திருக்கிறார்.

"அதுதான் தெளிவா இருந்தது" என்றார்.

"இவ்ளோ நாள் கூடவே உக்காந்து இந்தக் கதையைக் கேட்டீங்களே. அந்தக் கோடு வரக்கூடாதுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"கொடுத்த டிராயிங்ல இருக்கற கோட்டை விடற பழக்கம் எனக்கு இல்லை. நீதானே எடிட்டர்? நீ பாத்திருக்கணும்."

"நான் படிச்சுப் படிச்சுத்தான் பாத்தேன். மேப்பை எப்படிங்க வாய்விட்டுப் படிக்கிறது?"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது அவள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா பாத்திருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.



ஷெட்டில் இருந்த பிரதிகளுக்கு வழி கிடைத்தது. வீட்டுக்காரர் பாவம், வாயைத் திறக்காமல் அன்றே உட்கார்ந்து கோடு இல்லாத படத்தை வரைந்தார். அதை ஸ்டிக்கர் தாளில் அடித்து வாங்கி, பழைய படத்தின் மேல் ஒட்ட ஆரம்பித்தோம். அவள் வேலை முடிந்து வந்து ஒட்டினாள். எதிர் வீட்டுப் பென்ஷன்காரரும் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ஓரத்தை அமுக்கும்மா, காத்து நிக்குது பாரு" என்று எல்லாருக்கும் புத்தி சொல்லியபடி ஒட்டினார். அவருக்கு விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்று அடியில் இருந்த பழைய படத்தை நாங்கள் மறைத்து மறைத்துக் கொடுத்தோம்.

ஆனால் கொள்ளேகால் போன பிரதிக்கு என்ன செய்வது?

"போன் பண்ணிச் சொல்லிடேன்" என்றேன்.

"என்னன்னு அக்கா? அப்பா, மொதல் பக்கத்தைப் பாக்காதீங்கன்னா? வேற எதைப் பாப்பாரு?"

அதுவும் சரிதான். ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அவள் அப்பா நல்ல நாள் பார்க்காமல் புதிதாக எதையும் பிரிக்கமாட்டாராம். புதுச் செருப்பையே வாரக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்த மனுஷன். அதனால் பார்சல் பிரிக்கப்படாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் பஸ் ஏறினோம். அவள் கைப்பையில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே, கசங்காமல், ஒரே ஒரு ஸ்டிக்கர்.

வழியெல்லாம் அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான்தான் பயத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன், டீ நன்றாக இல்லை, சீட்டு நன்றாக இல்லை என்று. டி. நரசிபுரா பாலம் வந்தது. காவிரியும் கபிலாவும் சேருகிற இடம். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். அவள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு என்ற சொல்லே என் வாயில் வந்துவிடக் கூடாது என்று நான் பாலம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். சந்துக்குள் திரும்பும்போதே குரல் கேட்டது. கூவிப் பழகிய குரல், மெதுவாகப் பேசத் தெரியாத குரல். ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருந்தது. உப்புத்தூண்கள் அந்தப் பெண்ணிடம் வழி கேட்கிற இடம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரிச்சுட்டாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என் கதை அக்கா அது" என்றாள். அப்பாவின் வாயிலிருந்து அவள் எழுதியது வருவதை அவள் கேட்பது அதுதான் முதல்முறை. இரண்டு பேரும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றோம்.

உள்ளே அவள் அம்மா தரையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில், கண்ணாடி மூக்கு நுனியில். எங்களைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தினார். அம்மாவுக்குக் கோபம்.

"ஏனுங்க, நிறுத்தாதீங்க. வா கண்ணு. வாங்கம்மா, உக்காருங்க. சித்தெ சத்தம் போடாம இருங்க, அந்தப் புள்ள உப்புக்காட்டுல தனியா நிக்குது."

பெற்ற பெண் மைசூரிலிருந்து வந்து நிற்கிறாள், அம்மாவுக்கு உப்புக்காட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலை. எனக்கு அந்த அம்மாவை அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

"பொறு, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று அப்பா எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனார். கையில் புத்தகம். நாங்களும் பின்னாலேயே போனோம். அப்போதுதான் பார்த்தேன். புத்தகத்தின் அட்டையையும் முதல் சில பக்கங்களையும் சேர்த்து, துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றை மாட்டியிருந்தார்.

"இது எதுக்குப்பா?" என்றாள் அவள்.

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். தணித்தும் எனக்கு நன்றாகவே கேட்டது. "உங்கம்மா படம் பாக்கறேன்னு பொரட்டிப் போடுவா. பூமிக்கடியில ஆறு போறது தெரிஞ்சு போச்சுன்னா, அப்புறம் என்ன இருக்குது?"

"அப்ப நீங்க பாத்துட்டீங்களா?"

"மொத நாளே பாத்துட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது. நான் முன்னால் வந்து, அது எங்கள் தவறு, அந்தக் கோடு வந்திருக்கவே கூடாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு நான் சொல்வது விளங்கவில்லை.

"தப்பா? நான் போர்டு மாட்டியிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். "எந்த ஊருக்குப் போகுதுன்னு போடாத பஸ்ஸுல எவனுங்க ஏறுவான்? போய்ச் சேருதுன்னு தெரிஞ்சதாலதான் நான் படிச்சேன். இல்லாட்டி அந்தப் புள்ள படற பாட்டுக்கு நடுவுலயே மூடி வெச்சிருப்பேன்."

மகளைப் பார்த்தார்.  சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "வா, உங்கம்மா கத்துவா" என்று வெளியே போய்விட்டார்.

நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்தோம். அவர் மறுபடி படித்தார். உப்புக்காடு முடிந்தது. மலை வந்தது. அம்மா பிதுக்குவதை நிறுத்தவில்லை, ஆனால் கண் அவர் வாயிலேயே இருந்தது. இவளோ அம்மாவின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பருப்பு ஒரு பாத்திரத்தில், தோல் ஒரு முறத்தில். பொன்னாறு வந்தது. அந்தப் பெண் தண்ணீரில் இறங்கினாள். அவர் அங்கே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அட, படிங்க" என்றார் அம்மா.

சுரைக்குடுக்கை மிதந்து வந்தது. முட்டியில் இடித்தது. அப்பாவின் கையால் கீறிய அடையாளத்தை அந்தப் பெண் விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவும் அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிதுங்கிய பருப்பு முறத்திலும் விழவில்லை, பாத்திரத்திலும் விழவில்லை. விரலுக்கிடையிலேயே இருந்தது.

"ஏனுங்க," என்றார், "அப்ப ரெண்டும் ஒரே தண்ணியாங்க?"

"ஆமா."

"அவ குடிச்சதெல்லாம் நம்மூட்டுத் தண்ணிதானா?"

அப்பா தலையாட்டினார். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு பெண் பக்கம் திரும்பினார். "அந்த மனுசன் வழியனுப்ப வரலைன்னு நான் மொதல்ல இருந்து திட்டிக்கிட்டே இருந்தேன் கண்ணு. குடுக்கையை விட்டிருக்கறான் பாரு."

யாரைச் சொல்கிறார் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கண்ணாடியை மறுபடி துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"படம் இருக்குதாமே, காட்டுங்க. எத்தன நாளைக்குக் கிளிப் போட்டு வெப்பீங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்றார் அம்மா.

கிளிப்பை எடுத்து அவள்தான் படத்தை அம்மா மடியில் விரித்தாள். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, மகளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அந்த ஒரு பக்கத்தைப் படித்தார்கள். "நம்மூடு எங்க?" என்றார் அம்மா. அவள் கரியாற்றங்கரையில் விரல் வைத்தாள். "நீ இருக்கறது?" அவள் பொன்னாற்றைக் காட்டினாள். அம்மா அவரைக்கொட்டைத் தண்ணீர் ஈரத்தோடு இருந்த விரலை எடுத்து, ஒரு புள்ளியையும் விடாமல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொண்டுபோனார். காகிதம் நனைந்து லேசாக ஊறிவிட்டது. பதிப்பாளராக எனக்குப் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பிதுக்கிய அவரைப் பருப்புக் குழம்பு. நான் கூச்சம் பார்க்காமல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் கைப்பையைத் தோளில் மாட்டியபோது அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"நீங்க எங்கப்பா?"

"ஏத்தி உட்டுட்டு வர்றேன்."

சந்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான். அவர் முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால்.  நான் பேசாமல் நடந்தேன் என்றால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்புவதில்லை. ஸ்டிக்கர் அவள் பையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு வந்த பதிப்பில் புள்ளிக்கோட்டுப் படத்தையே போட்டோம், கடைசிப் பக்கத்தில்.

மைசூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தோம். பஸ்ஸில் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள், யாரையும் கூவிக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அவர் வேலையை விட்டும் வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, பஸ்ஸின் தகரத்தில் கையால் இரண்டு தட்டு தட்டி, "மைசூரு மைசூரு மைசூரு" என்று கூவினார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் நகர்ந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.